சிலுப்பாத கிடாய்

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரை. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் ரேஷன் கடையில் கையெழுத்தும் பலசரக்குச் சீட்டும்தான். மறதியும் உண்டு. முன்னது பின்னதாக வந்தால் படிக்கிறவர்கள்தான் சரிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

மகள் ஒரு நோட்டு வாங்கித் தந்து, "நீ எப்படி வீகன் ஆனேன்னு எழுதிக் குடும்மா, எங்க மலர்ல போடுறோம்" என்றாள். வீகன் என்றால் கறி, மீன், முட்டை மட்டும் இல்லை. பால், தயிர், தேன்கூடத் தொட மாட்டார்கள். பெங்களூரில் அவளும் அவள் சினேகிதர்களும் அப்படி ஒரு கூட்டமாக இருக்கிறார்கள். ஆடுமாடுகளுக்காக வீதியில் அட்டை பிடித்து நிற்கிறார்கள். நான் பஸ்சில் கூட்டமாக இருந்தால் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறவள். என் வயிற்றில் அப்படி ஒருத்தி.

எங்கள் வீடு சிலமலையில். மகன் ஜீப்பு ஓட்டுகிறான். போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களைக் காலையில் மலைக்கு ஏற்றிப் போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவான். ஒரு மழைக்காலத்தில் மேலே ஒரு வளைவில் பிரேக்கு பிடிக்காமல் ஜீப்பு வழுக்கி, ஒரு மரத்தில் சாய்ந்து நின்றுவிட்டது. முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில். பெண்கள் பின்பக்கமாக ஒவ்வொருத்தியாக இறங்கினார்களாம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கடைசியாக இறங்கியவள், "தம்பி, நாளைக்காச்சும் வெரசா வந்துரு, இன்னைக்கு லேட்டு" என்றாளாம்.

எனக்குச் செய்தி வந்தபோது நான் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். கையில் காயோடு எழுந்து நின்று, மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் குலசாமிக்கு ஒரு கிடாய் நேர்ந்துகொண்டேன். என் பிள்ளையை விட்டுவைத்ததற்கு ஒரு உயிர். அதில் எனக்கு அன்றைக்கு ஒரு குழப்பமும் இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கிடாய் வெட்டில் நெஞ்செலும்பு எனக்கென்று தனியாக எடுத்துவைப்பார்கள். ஊரில் வாய் திறக்காதவள், சாப்பாட்டில் மட்டும் கூச்சம் பார்க்க மாட்டேன்.

கருப்பில் ஒரு குட்டி பிடித்து வந்தோம். அடுத்த மாசியில் வெட்டு என்று முடிவு. சித்திரையில் அதற்கு உண்ணி பிடித்துவிட்டது. மாட்டு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, குளிப்பாட்டச் சொன்னார்கள். நான் தினமும் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றினேன். காதுக்குள் தண்ணீர் போகாமல் இரண்டு காதையும் மடக்கிப் பிடித்துக்கொள்வேன். சாயங்காலம் மகன் ரப்பர் குழாய் போட்டு ஜீப்பைக் கழுவும்போது குட்டியும் போய்ப் பக்கத்தில் நிற்கும். "இந்தா, ஒனக்கும் ஒரு வாட்டர் சர்வீசு" என்று அதன் மேலும் பீய்ச்சுவான். முதலில் துள்ளி ஓடும். போகப் போக, ஜீப்பு மாதிரியே அசையாமல் நின்றது.

இங்கே எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கிடாயைச் சாமி முன்னால் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாமல் வெட்டக் கூடாது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலுப்பும், ஆகையால் சாமி எப்போதும் உத்தரவு கொடுத்துக்கொண்டேதான் இருந்தது.

தண்ணீருக்குப் பழகிய ஆடு சிலுப்பாது என்பது தை மாதம் ஒரு நாள் குளிப்பாட்டும்போது எனக்குத் தோன்றியது. உண்ணி எப்போதோ போய்விட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் குளிப்பாட்டினேன்.

மாசியில் மகள் வந்தாள். பையில் சோயா பால் டப்பா. கோயிலில் பங்காளி வீட்டுச் சனமெல்லாம் கூடியிருந்தது. டீ கொடுத்தவர்களிடம், "பால் கன்னுக்குட்டிக்குச் சொந்தம்" என்றாள். ஒருத்தி, "ஏத்தா, அப்ப இந்த டீத்தூளு யாருக்குச் சொந்தம்? செடியக் கேட்டியா?" என்றாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

பூசாரி என் கொழுந்தனார்தான். மகள் போனைக் கையில் பிடித்தபடி நேரே அவரிடம் போனாள்.

"சித்தப்பா, சாகப்போறது அது. அதுகிட்ட யாராச்சும் சம்மதம் கேட்டீங்களா?"

"கேக்கத்தான ஆத்தா தண்ணி ஊத்துறோம்? ஒங்க பெங்களூருல இப்பத்தான் கேக்க ஆரம்பிச்சிருக்கீக. நாங்க தலமுற தலமுறயா கேட்டுட்டுத்தான் வெட்டுறோம்."

"அது இல்லைன்னு சொன்னா விட்டுருவீங்களா?"

"சத்தியமா விட்டுர்றேன். ஆனா எங்கப்பன் காலத்துலருந்து ஒரு கிடாயும் இல்லைன்னு சொன்னதில்ல."

இவ்வளவு பேர் முன்னால் சத்தியம் செய்துவிட்டார்.

கிடாய் வேறு யார் பிடித்தாலும் முரண்டியது. "மதினி, நீங்க வந்து பிடிங்க" என்று கூப்பிட்டார். எப்போதும் கடைசி வரிசையில் நிற்கிற நான் சாமிக்கு முன்னால் போய் நின்றேன். கிடாய் தலையை என் வயிற்றில் முட்டிக்கொண்டு நின்றது. முந்தானையைப் போட்டு அணைத்துக்கொண்டேன்.

ஒரு செம்பு ஊற்றினார். அசையவில்லை. இரண்டாவது செம்பு. கிடாய் கண்ணை மூடிக்கொண்டது, சுகமாக. மூன்றாவதுக்கும் அதே. கூட்டத்தில் முணுமுணுப்பு. "குடத்தோட ஊத்துங்கய்யா!" என்றார் ஒருவர். குடத்தோடு ஊற்றினார்கள். கிடாய் மேலிருந்து தண்ணீர் ஜீப்பிலிருந்து வடிகிற மாதிரி வடிந்தது.

"காதுல ரெண்டு சொட்டு விடுங்க, தன்னால ஆட்டும்."

கொழுந்தனார் காதுப் பக்கம் ஊற்றினார். அந்தக் காது முந்தானைக்குள் என் கையில் மடங்கியிருந்தது. பழக்கத்தில் மடக்கினேன் என்று சொன்னால் பாதி நிஜம்.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வெங்காயம் உரித்து, மசாலா அரைத்து, அண்டாவில் எண்ணெய் காய்ந்து நின்றது. கொழுந்தனார் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "சாமி வேணாங்குது" என்றார். மகள் அழுதுகொண்டே போனில் படம் பிடித்தாள். பிறகு, அதை ஊருக்கெல்லாம் அனுப்ப டவர் கிடைக்கவில்லை என்று ரோட்டுப் பக்கம் போய்விட்டாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் இரண்டு பேர் இந்தப் பக்கம் வண்டியை எடுத்துக்கொண்டு போடிக்குப் போய்ப் பிராய்லர் கோழி வாங்கி வந்தார்கள். அண்டா காய்கிறதே, என்ன செய்வது? எத்தனை கோழி என்று எண்ணவில்லை. அவற்றின் மேல் யாரும் தண்ணீர் ஊற்றிக் கேட்கவில்லை. மகள் திரும்பி வந்தபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கிடாயைக் கட்டியிருந்த மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு முழுக்க அவளும் கிடாயும் கடலை தின்றார்கள்.

எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, வீடு வருகிற வரைக்கும். வீட்டில் மகன் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஆத்தா, என் உசுருக்குப் பதிலாத்தான அதக் குடுத்த? அதச் சாமி வேணாங்குதுன்னா, அப்ப சாமிக்கு எது வேணும்?"

ஆட்டைப் பார்த்த நான் பிள்ளையைப் பார்க்கவில்லை. மறுநாள் அவன் ஜீப்பை எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. வேலைக்குப் போகிற பெண்கள் வாசலில் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வேறு வண்டியில் போனார்கள். மகள், "அண்ணே, இதெல்லாம் மூடநம்பிக்கை" என்றாள். "ஒனக்கென்ன, நீ கொண்டையூசி வளவுல போறியா?" என்றான்.

அவனிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். தண்ணீர் பழக்கம்தான்டா, நீயே குழாயால் பீய்ச்சினாயே என்று சொன்னால் அவன் பயம் போய்விடும். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமையே கிடாயை மறுபடி நிறுத்தி, காதில் தண்ணீர் விட்டு வெட்டிவிடுவார்கள். சொல்லாவிட்டால் அவன் பயந்த கையோடு மலை ஏறுவான். பயந்த கை வளைவில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் கொழுந்தனாரை வீட்டுக்குக் கூப்பிட்டு, மகனையும் வைத்துக்கொண்டு சொன்னேன். "சாமிக்குக் கிடாய் வேணாம்னா, நான் கறியக் குடுத்துர்றேன். இனி சாகுற வரைக்கும் தொட மாட்டேன்."

கொழுந்தனார் என் பக்கம் திரும்பினார். "மதினி, நெஞ்செலும்பையுமா?"

"அதையும்தான்."

"அப்ப சரி. ஒங்களுக்கு அது கிடாயவிடப் பெருசு. சாமி ஏத்துக்கும்" என்று மகன் நெற்றியில் திருநீறு பூசினார். மகன் சிரித்துவிட்டான். மறுநாள் காலை ஜீப்புச் சத்தம் கேட்டது.

மகள் உள்ளறையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்தது "இனி கறி தொட மாட்டேன்" என்பது மட்டும்தான். ஓடி வந்து கட்டிக்கொண்டாள். நான் கூச்சத்தில் நெளிய நெளியப் போட்டோ எடுத்தாள். அவள் கூட்டத்தில் எல்லோருக்கும் நான் இப்போது தெரிந்த முகம். கிடாய் இல்லையென்று தலையசைத்த வீடியோ என்று அதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். அது தலையசைக்கவில்லை. அசைத்திருந்தால் குழம்பாகியிருக்கும்.

இதுதான் நான் வீகன் ஆன கதை. முழு வீகன் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஏலக்காய்க் கடையில் பதினோரு மணிக்கு வருகிற பால் டீயை இன்னும் குடிக்கிறேன். சாமியிடம் நான் பாலைப் பற்றிப் பேசவில்லை. கிடாய் இப்போது கன்றுக்குட்டி மாதிரி வளர்ந்துவிட்டது. சாயங்காலம் மகன் ஜீப்பைக் கழுவும்போது முதல் ஆளாக வந்து நிற்கிறது. அவன் வருகிற நேரம் கொஞ்சம் தள்ளினாலும் நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். குழம்பில் கறி வாசனை வருகிற வீட்டைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். பிள்ளை பேரில் சத்தியம்.

மகள் இதை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் ஒன்று செய்ய வேண்டும். ஊற்றியது மூன்று செம்பா, நாலா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. வீடியோவை முதலிலிருந்து போட்டுப் பார்த்து எண்ணிக்கொள்ளட்டும். அப்படியே, முந்தானைக்குள் என் கை காதை மடக்கியிருப்பது தெரிகிறதா என்றும் பார்க்கட்டும். எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. தெரியவில்லை என்றால் நான் எழுதிய அந்த வரியை அடித்துவிடட்டும். தெரிந்தால் அப்படியே இருக்கட்டும். அவள் அண்ணன் மலையிலிருந்து இறங்கி வந்து, சாப்பிட்டு முடித்த பிறகு இந்த நோட்டை அவனிடம் கொடுக்கட்டும்.