எண் போடாமல் அழைத்த கம்பைலர்

கே.ஜி.கண்டிகையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது நசீரின் தம்பி போன் செய்தார். "அண்ணன் காலைல தவறிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தாரு, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகைக்கு முன் எனக்கு ஒரு நிம்மதி வந்தது.

விசைத்தறிகளுக்கு மின்னணுக் கட்டுப்பாட்டு அட்டை செய்யும் எங்கள் திருத்தணி கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்த லினக்ஸ் கணினி நினைவிருக்கும். நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் அதில் இரண்டு இருந்தன. பழைய அட்டைக்குப் பழையது, புதிய அட்டைக்குப் புதியது. "ரெண்டும் ஒரே ஊட்ல இருக்கட்டும்பா, அடுப்பு மட்டும் தனித்தனியா இருக்கணும்" என்பார் நசீர். பதிப்பு எண்ணைச் சேர்த்தேதான் கட்டளை தட்டுவார். எண் போடாவிட்டால் புதியதுதான் ஓடும். "சோம்பேறித்தனம் பண்ணாத, நம்பரோட கூப்டு" என்று என்னைத் திட்டிக்கொண்டே இருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் தொழுகைக்குப் போயிருந்தார். பொதட்டூர்பேட்டையில் ஒரு பழைய அட்டைக்கு உடனே நிரல் வேண்டும் என்று முதலாளி நச்சரித்தார். கணினியில் நசீரின் கணக்கு திறந்தே கிடந்தது. உட்கார்ந்து, எண் போடாமல் தட்டினேன். பிழை எதுவும் காட்டவில்லை. தறியை நிறுத்தும் பொத்தான் அமுங்கியிருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கும் நிரல் வரியைப் பழைய கம்பைலர் அப்படியே விட்டுவைக்கும். புதியது வேண்டாததென்று கழித்துவிட்டது. நான் சோதிக்காமல் அனுப்பினேன். நான்காம் நாள், அறுந்த இழையைப் பிடிக்க ஒரு நெசவாளர், பழக்கத்தில் ஒரு கையால் பொத்தானை அமுக்கியபடியே மறு கையை நீட்டியிருக்கிறார். தறி நிற்கவில்லை. இரண்டு விரல்கள் போயின.

கணினிப் பதிவில் நசீரின் பெயர் இருந்தது. எந்தக் கம்பைலர் செய்தது என்று கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும். அதையும், தான் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தையும் பார்த்துவிட்டு நசீர் என் மேசைக்கு வந்தார்.

"நான் சொல்லமாட்டேன்பா. நீயே சொல்லிடு."

"ஆங், நாளைக்குச் சொல்லிடறேன் பாய்."

சொல்லவில்லை. அந்த வாரமே அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதன்பின் கடைசிவரை அரக்கோணத்தில் தம்பியின் மெக்கானிக் ஷெட்டில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் நான் போனதே இல்லை.

நல்லடக்கத்தன்று உங்களில் ஒருவர், "தங்கமான மனுஷன், ஒரே ஒரு தடவ அசந்துட்டாரு" என்றார். நானும் தலையாட்டினேன். அவர் அசரவில்லை. எண் போடாமல் தட்டியவன் நான். அவர் எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு நாள் அவகாசம். அதை அவர் சாகும்வரை இழுத்தேன்.