லோவெல் ஹாகனின் தீராத பழுது

கைப்பிடியைப் பாதி இறக்கி நிறுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுப்பார் லோவெல் ஹாகன். பிறகு அதை மேலே விட்டு, மறுபடி இறக்கி, மறுபடி கேட்பார். இரும்புக்குள் ஏதோ ஒன்று நகர்கிறது என்பது அவர் கட்சி. "கேக்குதா உங்களுக்கு?" என்று என் பக்கம் திரும்புவார். கராஜின் மூலையில் இருக்கும் அடுப்பில் விறகு வெடிப்பது கேட்கும். வேறு எதுவும் எனக்குக் கேட்டதில்லை.

மேசையோடு போல்ட்டுகளால் இறுக்கப்பட்ட அந்தப் பச்சை இரும்புப் பொறி, சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மீண்டும் தோட்டாவாக்குவது. எங்கள் மொன்டானாப் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு ஒன்று உண்டு. இருந்தும் முன்பெல்லாம் வேட்டைப் பருவம் நெருங்கினால் பாதி ஊர் லோவெலின் கராஜில்தான் நிற்கும். முப்பத்து மூன்று ஆண்டுகள் பாசனக் கால்வாயில் மதகுக்கு மதகு தண்ணீர் அளந்துவிட்டவர். அவர் அளவின் மேல் ஒரு பண்ணைக்காரரும் சண்டைக்கு வந்ததில்லை. மேசைக்கு மேலே சுவரில் அவரே கட்டம் கட்டமான எழுத்தில் எழுதி வைத்த கட்டளை ஒன்று உண்டு: 'மேசை மேல் ஒரே டப்பா.' ஒரு வெடிமருந்து டப்பா வெளியே இருக்கும்போது இன்னொன்று அலமாரியை விட்டு வரக்கூடாது என்பது அதன் பொருள்.

நான்கு ஆண்டுகளாக அந்தப் பொறியிலிருந்து ஒரு தோட்டாவும் வெளிவரவில்லை. அது பழுதில் இருக்கிறது.

திங்கள்கிழமைகளில் அதைப் பிரிப்பார். பின்களைத் தட்டி எடுத்து மண்ணெண்ணெயில் ஊற வைப்பார். நடுத்தண்டில் படியாத கரியைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் துடைப்பார். கோதுமை மணி அளவு கிரீஸ், அதற்கு மேல் கூடாது. பூட்டி முடித்ததும் டயல் அளவியை வைத்துப் பார்த்து, முள் அசையாவிட்டாலும் உதட்டைப் பிதுக்குவார். தண்டு ஓடும் புஷ் வளையங்களை மூன்று முறை மாற்றிவிட்டார். ஒரு முறை பொறியையே பெட்டியில் கட்டித் தயாரித்தவர்களுக்கு அனுப்பினார். பழுது எதுவும் இல்லை என்ற கடிதத்தோடு திரும்பி வந்தது. "சின்னப் பசங்க. அளவ மட்டும் பாக்குறானுங்க, கையில புடிச்சுப் பாக்குறதில்ல" என்று அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டார்.

அயலார் தங்கள் பொறிகளைக் கொண்டுவந்தால் அரை மணி நேரத்தில் சரி செய்து கொடுத்துவிடுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு செப்டம்பர் ஞாயிறு, காலையில் லோவெல் நிரப்பிய தோட்டாக்களை எடுத்துக்கொண்டு, அவரும் மனைவியின் அண்ணன் டெல்மரும் குறி பார்க்கும் திடலுக்குப் போனார்கள். இரண்டாவது தோட்டாவில் டெல்மரின் துப்பாக்கியே வெடித்துச் சிதறியது, வலக்கண் போயிற்று. கராஜில் அடுப்பு எரிந்துகொண்டிருப்பதாக ஆஸ்பத்திரியிலிருந்து லோவெலின் மனைவி ஆர்லீன் தொலைபேசியில் சொன்னதால், பக்கத்து வீட்டுக்காரனான நான் அணைக்கப் போனேன். மேசை மேல் இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்று நெடுந்துப்பாக்கிக்கான மருந்து. மற்றது கைத்துப்பாக்கிக்கானது, பல மடங்கு வேகமாக எரிவது, மாற்றிப் போட்டால் துப்பாக்கியையே பிளந்துவிடும். இரண்டும் ஒரே சாம்பல் நிறம். மறுநாள் நான் எட்டிப் பார்த்தபோது மேசையில் டப்பா எதுவும் இல்லை. லோவெல் பொறியைப் பிரித்துக்கொண்டிருந்தார். தண்டு நழுவியிருக்க வேண்டும் என்றார்.

டெல்மர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு, இடத்தோளில் துப்பாக்கியை வைத்துச் சுடப் பழகிக்கொண்டார். "குறி பாக்குறப்ப இன்னொரு கண்ண மூடுற வேலை மிச்சம்" என்று கடைத்தெருவில் சொல்லிச் சிரிப்பார். லோவெல் சிரிக்க மாட்டார்.

இந்த ஆண்டு டெல்மருக்குக் குலுக்கலில் மூஸ் என்னும் பெரிய மானை வேட்டையாட அனுமதி விழுந்தது. முப்பத்தொரு ஆண்டுகள் விண்ணப்பித்துக் கிடைத்த சீட்டு. நவம்பர் கடைசியோடு செல்லாது. எழுபது வயதில் இனி ஒன்று கிடைக்கப் போவதில்லை. கையில் இருப்பது தகப்பனாரின் துப்பாக்கி. அந்த அளவுத் தோட்டாவைத் தொழிற்சாலைகள் கைவிட்டு நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. யாராவது வீட்டில் நிரப்பிக் கொடுத்தால்தான் உண்டு. நிரப்பித்தர மூன்று பேர் முன்வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார். இருபது கூடுகளைத் துலக்கி ஒரு காப்பி டப்பாவில் போட்டுக்கொண்டு, செப்டம்பரிலிருந்து சனிக்கிழமைதோறும் லோவெலிடம்தான் வந்தார்.

"மானுக்காக இல்லங்க, உங்களுக்காகத்தான் அண்ணன் வந்து நிக்குது" என்று ஆர்லீன் ஒரு நாள் என் எதிரிலேயே கணவரிடம் சொன்னார். லோவெல் ஒரு பின்னை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிச் சனிக்கிழமை பனி கொட்டியது. பருவம் முடிய ஒரு நாள் இருந்தது. நான் அடுப்பருகே நின்றுகொண்டிருந்தபோது டெல்மர் தொப்பியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கூடுகளை மேசை மேல் வைத்தார். கேட்காமலே பொறியின் கைப்பிடியைப் பிடித்து இறக்கினார். எண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது.

"சத்தமே இல்லையே, மாப்ள."

புஷ் இன்னும் தேய்ந்திருக்கிறது என்றார் லோவெல்.

டெல்மர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அன்னிக்கும் நான் இதுலதான் உக்காந்திருந்தேன். ரெண்டு டப்பாவயும் பாத்தேன். உனக்குப் போயி நான் சொல்றதான்னு வாய மூடிக்கிட்டேன். அதுல எனக்கும் பங்கு இருக்குடா."

லோவெல் பொறியின் இணைப்பை விரலால் தடவினார். அவர் தேடிய இடத்தில் ஒன்றும் இல்லை, இணைப்பின் அடுத்த பக்கத்தைத் தடவினார், அங்கேயும் இல்லை.

"பின்னுல ஆட்டம் இருக்கு மச்சான்" என்றார். "அடுத்த வாரம் சரியாயிடும்."

அடுத்த வாரம் என்ற ஒன்று அந்தச் சீட்டுக்கு இல்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். டெல்மர் மிஞ்சிய ஒரு கண்ணால் அவரைப் பார்த்தார். பின்பு எழுந்து ஆணியிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். கைப்பிடிக்கு அடியிலுள்ள மரையில் அதைப் பொருத்தி, இடப்பக்கமாக அரைச் சுற்றுத் தளர்த்தினார். கைப்பிடியை அசைத்தார். இரும்புக்குள் டக்கென்று ஏதோ நகர்ந்தது. நான்கு ஆண்டுகளில் முதல் தடவையாக எனக்கும் அது கேட்டது.

"ஆமா மாப்ள. ஆடத்தான் செய்யுது" என்றார் டெல்மர். ஸ்பேனரை லோவெலின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடக்கிவிட்டார்.