எடை மெஷின் வைத்திருக்கும் மெக்கானிக்

லிபியாவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்துவிட்டு, மணிவேல் மனம் மாறிவிட்டான் என்று ஊரில் யாரும் கதை கட்டக் கூடாது.

குருபரப்பள்ளியில் சர்வீஸ் ரோட்டை ஒட்டி என் ஒர்க்‌ஷாப். பதினெட்டு வருஷமாக இருக்கிறது. ‘மணிவேல் ஆட்டோ ஒர்க்ஸ், பிக்கப் ஸ்பெஷலிஸ்ட்’ என்று மஞ்சள் போர்டு. போச்சம்பள்ளி கம்பெனிப் பையன்கள் அந்தப் போர்டைப் பார்த்துத்தான் வருவார்கள். பழைய ஸ்கூட்டர் எதுவானாலும் என் கையில் ஒரு மணி நேரம் விட்டால் போதும். ஏர் ஃபில்டரைப் பிடுங்கி எறிவேன். பெட்ரோல் கூடுதலாக இறங்கும்படி கார்புரேட்டரில் பெரிய ஜெட் மாட்டுவேன். சைலன்சருக்குள் இருக்கும் தடுப்பை வெட்டி எடுப்பேன். பிறகு ரோலர் மாற்றுவேன்.

ரோலர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கூட்டருக்குக் கியர் போடும் வேலை கிடையாது. பெல்ட்டை இழுக்கும் சக்கரத்துக்குள் விரல் நுனி அளவில் ஆறு உருளைகள் இருக்கும். கியர் மாற்றுகிற வேலையை அவைதான் செய்கின்றன. அவை லேசாக இருந்தால் வண்டி நின்ற இடத்திலிருந்து சட்டென்று பாயும், ஆனால் ஓட்டத்தில் வேகம் ஏறாது. கனமாக இருந்தால் மெதுவாகக் கிளம்பி, பிறகு ஓடும். பையன்களுக்குப் பாய்ச்சல்தான் வேண்டும். கடையில் கிடைப்பதிலேயே லேசான ரோலரை நான் எல்லோருக்கும் போட்டுவிடுவேன். வண்டி சீறிக்கொண்டு போகும். சத்தம் கேட்டாலே அது மணிவேல் கை வைத்த வண்டி என்று சொல்லிவிடுவார்கள்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் எதிர் ஷட்டரை வாடகைக்கு எடுத்தாள் லிபியா. எலத்தகிரிக்காரி. அப்பா பாக்கியராஜ் கிரானைட் லாரி டிரைவர். கிருஷ்ணகிரியில் ஐடிஐ படித்துவிட்டு, ஓசூரில் ஒரு ஸ்கூட்டர் கம்பெனியில் ஒன்பது வருஷம் கான்ட்ராக்ட் வேலை. லைனில் வரும் ஒவ்வொரு வண்டிக்கும் அந்த ஆறு ரோலர்களை வைத்து மூடியை மாட்டுவது மட்டும்தான் வேலை. ஒரு நாள் அந்த இடத்தில் மெஷின் வந்தது, இவளை அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் அவள் சொல்லித் தெரிந்ததில்லை. எதிர்க்கடைக்காரியைப் பற்றி விசாரிக்காமல் நான் எப்படித் தொழில் செய்வது?

முதல் நாளே கடை வாசலில் ஒரு எடை மெஷினைக் கொண்டுவந்து வைத்தாள். பழைய பேப்பர் கடையில் இருக்குமே, மூட்டையை ஏற்றி நிறுத்துகிற இரும்புப் பலகை, அதேதான். டியூனிங் வேண்டும் என்று வருகிறவர்களை அதில் ஏறி நிற்கச் சொன்னாள். சாப்பாட்டுப் பையோடு, ஹெல்மெட்டோடு, பின்னால் உட்கார்கிறவரோடு. “எந்த ரோடு? ஏத்தம் இருக்குதா? தெனமும் என்னா ஏத்தினு போவீங்க?” என்று கேள்வி வேறு. தெலுங்குக்காரர் வந்தால் தெலுங்கில் கேட்பாள், கன்னடக்காரர் வந்தால் கன்னடத்தில். எல்லாவற்றையும் சீட்டைத் தூக்கி அடியில் மார்க்கரால் எழுதிவைத்துவிட்டு, அதற்கேற்ற ரோலரை எடுத்துப் போடுவாள். ஃபில்டரைக் கழற்றவே மாட்டாள். சைலன்சரைத் தொடவே மாட்டாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “அங்க ஆட்டுக்கறி வெட்றாங்கடா, போயி எடை போட்டுனு வாங்க” என்று என் கடையில் உட்கார்ந்திருந்த பையன்களிடம் சொன்னேன். அவளுக்கும் கேட்டிருக்கும். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.

கம்பெனிக்குப் போகும் பெண்கள் அவளிடம் போக ஆரம்பித்தார்கள். என்னிடம் வந்து நிற்கக் கூச்சப்பட்டவர்கள் அங்கே எடை மெஷின்மேல் ஏறி நின்றுகொண்டு சிரித்தார்கள். பிறகு சந்தைக்குப் பூ மூட்டை ஏற்றிப்போகிறவர்கள் போனார்கள். பிறகு என் பையன்களிலேயே இரண்டு மூன்று பேர். எனக்கு வயிறு எரிந்தது. கம்பெனியில் தப்பாக மாட்டித்தான் அவளைத் துரத்திவிட்டார்கள் என்று டீக்கடையில் ஒரு பேச்சை விட்டேன். பொய்தான். ஒரு வாரத்தில் அது ஊரெல்லாம் சுற்றி அவள் காதுக்கே போனது.

நடு ரோட்டைத் தாண்டி நேராக என் கடைக்குள் வந்தாள். கையில் ஸ்பேனர்.

“என்னாத்துக்குண்ணா இப்பிடிப் பேசினு திரியறீங்க? ஒம்போது வருசத்துல என் வண்டி ஒண்ணுகூட ரிஜெக்ட் ஆனதில்ல. உங்க வண்டிங்கதான் ஆறு மாசத்துல பொகை கக்குது.”

“பொகை கக்குனா உனக்கென்னா? இன்ஜினைக் கடைஞ்சு ரீபோர் பண்ண எங்கிட்டதான வர்றாங்க?”

“அதான் சொல்றேன். இந்த ஊர்ல நாலு பக்கமும் கல்குவாரி. காத்துல பாதி கல்லுமாவு. ஃபில்டரைப் புடுங்கிட்டு ஓட்டுனா இன்ஜின் கல்லைத்தான் திங்கும். பாவம், அந்தப் பசங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமில்ல?”

தெரியும். ஆனால் என் கடையில் நின்றுகொண்டு, என் கஸ்டமர் ஹரீஷ்குமார் முன்னால் அதைச் சொன்னாளே, அதுதான் பொறுக்கவில்லை. “பேச்சு வேணாம். ஏத்தத்துல பாத்துக்கலாம்” என்றேன். எங்கள் பக்கத்தில் வண்டிச் சண்டை எல்லாம் கல்குவாரி ஏற்றத்தில்தான் தீரும். சூளகிரிக்காரனோ கிருஷ்ணகிரிக்காரனோ, எவன் பெருமை பேசினாலும் அங்கே கூட்டிப்போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை டிப்பர் லாரி ஓடாது. அரை கிலோமீட்டர், நடுவில் ஒரு வளைவு, அப்புறம் செங்குத்து.

“தோத்தவங்க போர்டை எறக்கணும்” என்றேன்.

“எறக்கலாம். ஆனா நம்ம ரெண்டு பேரும் ஓட்டக் கூடாது. கஸ்டமர் ஓட்டணும். தெனமும் என்னா சுமையோட போறாங்களோ அதே சுமையோட.”

சரி என்றேன். என் பக்கம் ஹரீஷ்குமார். தினமும் தங்கை பிரவீனாவைப் பின்னால் உட்காரவைத்துக் கம்பெனிக்குப் போகிறவன். இரண்டு பேரும் ஒல்லி. நான் ஜெயித்தாகிவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். அவள் பக்கம் யார் என்று கேட்டதற்கு, “ஒருத்தங்க வருவாங்க. ஆறரைக்கு வைங்க, எனக்கு எட்டு மணிக்குச் சர்ச்சுல பூசை இருக்குது” என்றாள்.

இதற்கு நடுவில் என் வீட்டு வண்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் மனைவி ராஜாத்தியிடமும் ஒரு பழைய ஸ்கூட்டர் உண்டு. விடியற்காலையில் எங்கள் மாட்டுப் பாலையும் பக்கத்து வீட்டு நஞ்சம்மாவின் பாலையும் சொசைட்டியில் ஊற்றிவிட்டு, அப்படியே ஹைவேயில் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து போச்சம்பள்ளி போவாள். நான் எழுந்திருக்கும்போது அவள் பஸ்ஸில் இருப்பாள். நாலு மாதம் ஒரே புலம்பல்.

“ஏங்க, ஏத்தத்துல வண்டி நின்னு போவுதுங்க. எறங்கித் தள்றேன். ரெண்டு வாட்டி பஸ்ஸை உட்டுட்டேன். மூணாவது வாட்டி உட்டா பேரை எடுத்துருவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான்.”

“ஹைவேல ஏது ஏத்தம்? உனக்கு ஓட்டத் தெரியல” என்றேன். அடுத்த வாரம் பார்க்கிறேன் என்றும் சொன்னேன். அப்படிப் பல வாரம் சொன்னேன். பிறகு ஒரு நாள் அவள் புலம்புவதை நிறுத்திவிட்டாள். வண்டி தானாகச் சரியாகியிருக்கும் என்று விட்டுவிட்டேன். எனக்கு லிபியாவைத் திட்டவே நேரம் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் ஏற்றத்தின் உச்சியில் நின்றேன், லிபியா அடிவாரத்தில். உச்சியில் என்னோடு பத்துப் பதினைந்து பேர். அடிவாரத்தில் பச்சைத் துண்டை வீசினார்கள். ஹரீஷ்குமார் வண்டியின் உறுமல் மலையில் பட்டு எதிரொலித்தது.  “கேக்குதா? அதான் நம்ம வண்டி!” என்று கத்தினேன். இன்னொரு வண்டியின் சத்தமே கேட்கவில்லை.

உறுமல் வளைவு வரைக்கும் வந்தது. அங்கே சுருதி மாறியது. கத்தல் அதிகமானது, ஆனால் நெருங்கி வரவில்லை. வளைவுக்கு மேலே முதலில் தெரிந்தது புகை. நீலப் புகை. ஆறு மாதமாகக் கல்மாவு தின்ற இன்ஜின், செங்குத்தில் இரண்டு பேரை இழுக்க முடியாமல் அங்கேயே கிடந்து அலறியது. ரோலர் வேறு அளவுக்கு மீறி லேசு. இன்ஜின்தான் சுற்றியதே தவிர, வண்டி நகரவில்லை. பிரவீனா பின்னாலிருந்து குதித்து இறங்குவதைப் பார்த்தேன்.

அந்தப் புகைக்குள்ளிருந்து இன்னொரு ஸ்கூட்டர் வந்தது. அவசரமில்லாமல், ஒரே சீராக. இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கியது. ஒரு கேனின் மூடியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அந்தத் துணியைக் கட்டியது நான்தான். பொங்கலன்று.

ராஜாத்தி.

 கூட்டத்தில் எவனோ விசில் அடித்தான். அவள் என் முன்னால் வந்து, இன்ஜினை நிறுத்தாமல், காலை மட்டும் ஊன்றினாள்.

“நீ எதுக்குடி இங்க வந்த?” என்றேன். 

“நான் தெனமும் இங்கதாங்க வர்றேன். சொசைட்டிக்கிட்ட பாலம் கட்ட ஹைவேயைத் தோண்டிப் போட்டதுலேர்ந்து பால் ஊத்த இதான் வழி. எட்டு மாசமா. ஏத்தத்துல நிக்குதுன்னு நான் சொன்னது இந்த ஏத்தம்தான்.”

“எங்கிட்ட சொல்றதுக்கென்னா?”

“சொன்னேன். ஹைவேல ஏது ஏத்தம்னு கேட்டீங்க. லிபியா அப்பிடிக் கேக்கல. மெஷின்ல ஏறி நில்லுங்க அண்ணின்னா, நின்னேன். கேனையும் ஏத்தினா. நகருங்க, பால் புளிச்சுரும்.”

போய்விட்டாள். ஊர் முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டு, பால் ஊற்றப் போய்விட்டாள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. லிபியாமேல் அதற்கு இரண்டு மடங்கு.

லிபியா ஏற்றத்தில் நடந்தே மேலே வந்தாள். வரும் வழியில் ஹரீஷ்குமாரின் வண்டிப் பக்கம் குனிந்து, ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தில் விரலை விட்டு எடுத்து அவனிடம் காட்டினாள். விரலில் சாம்பல் நிறத்தில் சேறு. அந்தப் பையன் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் போர்டை இறக்குவதைவிடக் கேவலமாக இருந்தது.

“வேணும்னே என் பொண்டாட்டியைக் கூட்டினு வந்திருக்க. என்னை அசிங்கப்படுத்தணும்னே” என்றேன்.

“ஆமா” என்றாள் லிபியா. கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. “டீக்கடையில என்னைப் பத்திப் பேசுனீங்கல்ல? அதுக்குத்தான். ஆனா அண்ணி வண்டியை அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே பாத்துட்டேன். அது வேற. போர்டை எப்ப எறக்கறீங்க?”

“இன்னிக்கே எறக்கறேன் போ.”

இறக்கினேன். வாக்கு தவறுகிறவன் இல்லை. மத்தியானம் ஏணி போட்டு நானே ஆணியைப் பிடுங்கினேன். அவள் பூசை முடிந்து வந்து எதிர்க்கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு, நின்று பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஏணியை அவள்மேலேயே போட்டிருப்பேன்.

வீட்டுக்குப் போனபோது ராஜாத்தியின் ஸ்கூட்டர் மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்றிருந்தது. எதிரி என்ன வேலை செய்திருக்கிறாள் என்று பார்க்கத்தான் போனேன், வேறு எண்ணம் இல்லை. ஃபில்டர் புதிது. பெல்ட் புதிது. குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று சீட்டைத் தூக்கினேன். அடியில் கறுப்பு மார்க்கரில் லிபியாவின் கையெழுத்து.

‘ராஜாத்தி. ஆள் 41. பால் 44. குவாரி ஏத்தம்.’

இன்னொரு முறை படித்தேன். கல்யாணமான புதிதில் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் காசு போட்டு எடை பார்த்தோம். டிக்கெட்டில் ஐம்பத்தாறு என்று வந்தது, அவள் அதை என்னிடம் காட்டாமல் கசக்கிப் போட்டாள். நான் பொறுக்கி எடுத்துப் பார்த்துச் சிரித்தேன்.

அவள் தவிட்டு வாளியோடு வெளியே வந்தாள்.

“நீ நாப்பத்தொரு கிலோவா?” என்று கேட்டேன்.

வாளியை மாட்டின் முன்னால் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“அது அப்போ எழுதுனது. இப்ப எவ்ளோன்னு அவளைத்தான் கேக்கணும்” என்றாள். “சீட்டை மூடுங்க, தூசி போவுது.”