கை நனைத்த நாள்

என் தாய் ஒரு தண்ணீரோடு உறவை முறித்துக்கொண்டிருந்தாள்.

ஆட்களோடு முறித்துக்கொள்வதற்கு எங்கள் பக்கம் பஞ்சமே இல்லை. வரப்புச் சண்டை, சீர் சண்டை, கலியாணப் பந்தியில் கடைசி வரிசையில் உட்கார வைத்த சண்டை என்று எதற்கு வேண்டுமானாலும், "இனி அவங்க ஊட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. நனைத்தால் உறவு உண்டு, நனைக்காவிட்டால் இல்லை. மறுபடி கூடுவதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். தானாகப் போய் உட்காரக் கூடாது, மானம் போய்விடும். யாராவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இலைக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டும். "நானா வந்தேன், இழுத்துட்டு வந்துட்டாங்க" என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு வேண்டுமே. வீம்புக்கும் ஒரு வாசல் வைத்துக் கட்டிய ஜனங்கள் நாங்கள்.

ஆனால் ஓர் ஏரியோடு அப்படி முறித்துக்கொண்டவள் எனக்குத் தெரிந்து என் ஆத்தா ஒருத்திதான். அம்மாவை ஆத்தா என்றும் அப்பாவை அய்யன் என்றும் கூப்பிட்டு வளர்ந்தவள் நான். இப்போதும் வேறு விதமாக எழுத வரவில்லை.

ஏரி என்றால் மேட்டூர் அணைக்கட்டின் ஏரி. அதற்கு அடியில் எங்கள் ஊர் இருக்கிறது. எங்கள் வீடு, கிணறு, காடு என்று நாங்கள் சொல்லும் விளைநிலம் எல்லாம் இருக்கிறது. காட்டு மூலையில் ஒரு பூவரச மரத்தடியில் என் தம்பியும் இருக்கிறான்.

அவனுக்கு ஒன்றரை வயது. 'ஆத்தா' என்று முழுசாகச் சொல்ல வராது, 'த்தா' என்பான். மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். நரி தோண்டாமல் இருக்க மேலே ஒரு பாறைக்கல்லைப் புரட்டி வைத்தார்கள். அதன் பிறகு மழை வந்தால் ஆத்தா ஓர் ஓலைத்தடுக்கை எடுத்துக்கொண்டு ஓடுவாள். அந்த மேட்டின்மேல் போர்த்திவிட்டு, தான் நனைந்துகொண்டு திரும்பி வருவாள். யாரும் தடுக்கவில்லை.

மறு வருடம் ஊரைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஓடுகளைப் பிரித்தோம், கதவு நிலைகளைப் பெயர்த்தோம். குலதெய்வத்தின் கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டார்கள். அந்தப் பிடிமண்ணை வைத்துப் புது இடத்தில் கோயில் கட்டினால் தெய்வம் கூடவே வந்துவிடும். ஆத்தா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு காட்டு மூலைக்குப் போய் அவளும் ஒரு பிடி மண் எடுத்து முந்தானையில் முடிந்தாள்.

பெரியவர்கள் பார்த்துவிட்டார்கள். "குழிமண்ணு கூட வந்தா குழியும் கூட வரும். இன்னொண்ணையும் கேக்கும். உதறிப்போடு" என்றார்கள். இன்னொன்று என்றால் நான். ஆத்தா அய்யன் முகத்தைப் பார்த்தாள். அய்யன் வண்டிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இறுகிய கயிறு அது. அவள் முடிச்சை அவிழ்த்து உதறினாள்.

மேச்சேரிப் பக்கம் மேட்டுக்காட்டில் குடியேறினோம். அங்கே செம்மறி ஆடு உண்டு, கம்பு உண்டு, ஆறு இல்லை. அணை நிரம்பியபோது எங்கள் ஜனமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு திருவிழாப் பார்ப்பதுபோலப் பார்க்கப் போனது. ஆத்தாவும் வந்தாள். கரையில் நின்று கடல்போலக் கிடந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணியில நான் கை நனைக்க மாட்டேன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அன்றோடு எங்கள் வீட்டில் மீன் நின்றது.

ஆற்றங்கரையில் இருந்தவரை வாரத்துக்கு மூன்று நாள் மீன் தின்ற குடும்பம். அய்யனுக்கு நாக்குச் செத்துப்போயிற்று. அணைக்கட்டு மீனைக் கூடையில் வைத்துக்கொண்டு பரிசல்காரர்கள் வீட்டுப் பெண்கள் வருவார்கள். ஆத்தா அவர்களை வாசல் படலுக்கு அந்தப் பக்கமே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவாள். எனக்கு வாய் நீளம் என்று ஊரறிந்த பேர். "ஏந்தா, நல்ல மீனுதானே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது எதத் தின்னு வளந்துச்சோ, ஆரு கண்டா?" என்றாள்.

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் பட்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

மேச்சேரியில் மழை குறைவு. ஆனாலும் ஒரு தூறல் விழுந்தால் போதும், ஆத்தாவின் கை தன்னால் தடுக்கைத் தேடும். எடுத்தும் விடுவாள். பிறகு வாசலில் அதைப் பிடித்துக்கொண்டு மேற்கே பார்த்து நிற்பாள். "அங்க மழை பேஞ்சாத் தெரியுமா என்னமோ" என்று ஒரு தடவை சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. நான் அங்கே நின்றேன், அவ்வளவுதான். மழை வந்தால் எல்லாப் பிள்ளைகளும் வாசலுக்கு ஓடும். நான் மட்டும் வீட்டுக்குள் ஓடுவேன்.

மூன்றாம் வருடம் ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூர் போனோம். அணைக்குக் கீழே ஆற்றில் குளிப்பதற்கு ஆத்தா மறுப்புச் சொல்லவில்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "இதும் அந்தத் தண்ணிதானே ஆத்தா?" என்றேன்.

"உள்ள கெடந்தா ஏரி. வெளிய வந்துட்டா ஆறு. ஆத்தோட எனக்கென்ன சண்டை?" என்றாள். நியாயம் எப்படி! அய்யன் சிரித்தார், அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவருக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும்.

"வெளியில சாப்பிட்டுப் போலாம். மீனு சாப்பாடு" என்றார்.

கடையில் காசு கொடுத்துச் சாப்பிடுவது என்பது ஆத்தாவுக்கு அதுவரை நடக்காத காரியம். அவள் ஈரச் சேலையைப் பிழிந்தாள். பிறகு, "ஆத்து மீனுங்களா, அணக்கட்டு மீனுங்களா?" என்றாள்.

"ஆத்து மீனுதான்" என்றார் அய்யன். "நான் போயி இலை போடச் சொல்றேன். நீ பைய வா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

தென்னங்கீற்றுக் கொட்டகை. அணை கட்ட வந்த மலையாளத்துக்காரர் ஒருவர், வேலை முடிந்தும் ஊருக்குப் போகாமல் அங்கேயே அடுப்பு மூட்டி உட்கார்ந்துவிட்டார். கூலிக்காரர்களுக்கும் ஆலைக்காரர்களுக்கும் அதுதான் சாப்பாட்டுக் கடை. பின்பக்கம் ஒரு கூடையில் என் கை நீளத்துக்கு மீன்கள் கிடந்தன. அய்யன் குரலைத் தாழ்த்தி, "ஆத்து மீனு இல்லீங்களா?" என்று கேட்டார்.

"இந்த வெள்ளத்தில் ஆற்றில் யார் வலை போடும்? எல்லாம் ஏரி மீனாக்கும்" என்றார் கடைக்காரர்.

அய்யன் கொஞ்ச நேரம் கூடையையே பார்த்தார். "ஊட்டுக்காரி கேட்டா ஆத்து மீனுன்னு சொல்லிப்போடுங்க" என்றார்.

"ஆறானாலும் ஏரியானாலும் மீன் மீன்தானே?"

"சொல்லிப்போடுங்க" என்றார் மறுபடி. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். மிரட்டவில்லை. கெஞ்சுவதுபோல ஒரு பார்வை. என் அய்யன் என்னிடம் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஊரில் ஒருவர் ரகசியமும் தங்காத வாய், அன்றைக்குத் தைத்ததுபோல மூடிக்கொண்டது.

ஆத்தா வந்து வாசலில் நின்றாள். அய்யன் எழுந்து போய், நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூடப் பாராமல், அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து இலைக்கு முன்னால் உட்கார வைத்தார். குண்டு குண்டாகச் சிவப்பரிசிச் சோறு வந்தது. செக்கச் செவேலென்று குழம்பு வந்தது. ஆத்தா முகர்ந்து பார்த்து, "இதென்னுங்க, தலைக்கு வெக்கிற தேங்கெண்ணெயிலயா மீனு ஆக்குவாங்க?" என்றாள். கடைக்காரர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, அவரிடமும் கேட்டாள்.

"ஆத்து மீனுங்களா?"

அவர் அய்யனைப் பார்த்தார். "ஆற்று மீனாக்கும், அம்மே" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். என் கண் முன்னால் ஓர் ஊரையே மறைத்தார்கள். ஆத்தா மீனை விண்டாள், சோற்றோடு பிசைந்தாள், வாயில் வைத்தாள். கொஞ்ச நேரம் மெல்லாமல் வைத்திருந்தாள். பிறகு மென்றாள். மூன்று வருடப் பசிபோலத் தின்றாள். இன்னொரு துண்டு கேட்டு வாங்கினாள். அய்யன் முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்கோ ஒவ்வொரு வாய்க்கும் தம்பியின் கால் கொலுசு ஞாபகம் வந்தது. அதைக் கழற்றாமல்தான் புதைத்திருந்தார்கள்.

அப்போதுதான் கவனித்தேன். ஆத்தா ஒரு துண்டு மீனை எடுத்து, விரலால் தடவித் தடவி முள் பொறுக்கினாள். ஒரு நூல் முள்கூட விடவில்லை. கொஞ்சம் சோற்றில் மசியப் பிசைந்து சின்ன உருண்டையாக உருட்டி இலையின் ஓரத்தில் வைத்தாள். எனக்குப் பதினொரு வயது. என் மீனில் நானே முள் எடுத்துக்கொள்வேன். அது பல் முளைக்கும் பிள்ளைக்குப் பிசையும் பதம்.

நாங்கள் கை கழுவப் போனோம். ஆத்தா கழுவவில்லை. இலையில் ஒரு துண்டு கிழித்து அந்த உருண்டையை மடித்துக்கொண்டு எச்சில் கையோடே வெளியே நடந்தாள். அணைக்கட்டுப் பக்கமாக மேடேறும் பாதையில் போனாள்.

"வண்டி இந்தப் பக்கம் நிக்குது, புள்ள" என்றார் அய்யன். அவள் திரும்பவில்லை. நாங்கள் பின்னாலேயே போனோம்.

ஏரிக் கரையில் குந்தி உட்கார்ந்தாள். சோறு காய்ந்து ஒட்டியிருந்த வலது கையை மணிக்கட்டுவரை தண்ணீருக்குள் விட்டாள். விட்டு அப்படியே வைத்திருந்தாள்.

அய்யனுக்கு நாக்குக் குழறியது. "அவன் ஆத்து மீனுன்னுதான்..."

"ஆடி வெள்ளத்துல ஆத்துல ஆருங்க வலை போடுவாங்க?" என்றாள் ஆத்தா. குரலில் கோபமே இல்லை. "நான் ஆத்தங்கரையில பொறந்தவளுங்க."

"தெரிஞ்சுமா தின்னே?"

"ஆராச்சும் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போய் உக்கார வெக்கோணுமில்லீங்க. மூணு வருசமாப் பாத்துட்டு இருந்தனுங்க."

ஊரைக் காலி செய்த அன்று அய்யன் வண்டிக் கயிற்றை இறுக்கியபடி நின்றாரே, அதே மாதிரி நின்றார். இப்போது இறுக்குவதற்குக் கயிறு இல்லை. ஆத்தா இலையைப் பிரித்து உருண்டையைத் தண்ணீரில் விட்டாள்.

"தின்னு சாமி. முள்ளு இல்ல" என்றாள்.

அடியிலிருந்து ஏதோ வந்து கவ்விக்கொண்டு போயிற்று. மீன்தான். வேறென்ன இருக்கும்? ஆனால் நான் அலறிக்கொண்டு அய்யனின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவரும் நடுங்கிக்கொண்டிருந்தார். ஆத்தா ஒருத்திதான் நடுங்கவில்லை.

அந்த வாரம் கூடைக்காரி வந்தபோது ஆத்தாவே படலைத் திறந்துவிட்டாள். அதன் பிறகு வாரம் தவறாமல் மீன்தான். வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி மட்டும் கேட்பாள், "அணக்கட்டு மீனுதானே? ஆத்து மீனுன்னா வேண்டாம்." தூறல் விழுந்தாலும் தடுக்கைத் தேடுவதில்லை. நன்றாகச் சாப்பிட்டாள், உடம்பு தேறினாள். அக்கம்பக்கத்தார், புத்தி தெளிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். மீன் இல்லாமல் நாக்குச் செத்துப்போன அய்யன்தான் அதற்குப் பிறகு மீனைத் தொடவே இல்லை. குழம்புச் சட்டி நடுவில் இருக்க, மோரை ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். பொய் சொன்ன வாய்க்கு அது இறங்கவில்லையோ, அவருக்கும் அந்தக் கொலுசு ஞாபகம் வந்ததோ, நான் கேட்கவில்லை. என் நீள வாய் எங்கள் வீட்டுக்குள் மட்டும் அன்றோடு குட்டையாகிவிட்டது.

சில வருடம் கழித்து ஒரு கோடையில் மழை பொய்த்து ஏரி வற்றியது. எங்கள் ஊர்க் கோயிலின் கோபுரம் வெளியே தெரிந்தது. பிறகு காடுகளும் தெரிந்தன. எங்கள் காட்டு மூலையில் பட்டுப்போன பூவரசு நிற்கிறது என்றும், அந்தக் கல் வைத்த இடத்திலேயே இருக்கிறது என்றும் சொந்தக்காரர் ஒருவர் ஓடி வந்து சொன்னார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். "வண்டி கட்டிட்டேன், வாங்க, ஒரு பார்வை பாத்துட்டு வந்துரலாம்" என்றார்.

அய்யன் ஆத்தாவைப் பார்த்தார். அவள் மீனில் முள் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அங்க போயி என்னத்தப் பாக்கறது? அவந்தான் வாரா வாரம் ஊட்டுக்கு வந்துட்டுப் போறானே" என்றாள்.

அய்யன் பாதிச் சோற்றோடு எழுந்து வெளியே போனார். என் தட்டில் ஒரு துண்டு மீதமிருந்தது. ஆத்தா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் அதை எடுத்துத் தின்றேன்.