முசிறிக்குப் போன சேவல்

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அவ்வப்போது யாராவது ஒரு ஞானத்தை அனுப்பி வைப்பார்கள். பிராணிகளோடு வளரும் பிள்ளைக்கு இரக்கம் வரும், பொறுப்பு வரும் என்பது அன்றைய ஞானம். அதற்குக் கைகூப்பிய படம் போட்ட அறிவாளிகளில் நானும் ஒருத்தி. ஸ்ரீரங்கத்தில் எங்கள் அபார்ட்மெண்டில் நாய் வளர்க்க அனுமதி இல்லை. அதனால் காந்தி மார்க்கெட் வாசலில் கூடையில் விற்ற, பச்சைச் சாயம் பூசிய கோழிக்குஞ்சு ஒன்றை வாங்கிவந்து ஐந்து வயது மகளிடம் கொடுத்தேன். இரண்டு நாளில் செத்துவிடும், அதற்குள் இரக்கம் வந்துவிடும் என்று நினைத்தேன்.

அது சாகவில்லை. எங்களோடு இருந்த என் அப்பா அட்டைப்பெட்டியில் குண்டு பல்பு மாட்டிக் காப்பாற்றிவிட்டார். மகள் ஸ்கூல் பையைக்கூடக் கழற்றாமல் பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து, மிஸ் திட்டியது வரைக்கும் குஞ்சிடம் சொல்லுவாள். என்னிடம் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்பதோடு சரி.

"அது நடுவுல பேசாதும்மா," என்றார் அப்பா. "நீ திருத்திக்கிட்டே இருப்பே."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தான் பால் குடிக்கும் முன் மகள் அதற்குத் தண்ணீர் வைப்பதைப் படமெடுத்துக் குழுவில் போட்டுப் பீற்றிக்கொண்டேன்.

சாயம் போய் வெள்ளையாகி, கொண்டை முளைத்து, ஒரு விடியற்காலையில் அது கூவியது. மேல்வீட்டு மாமா இறங்கி வந்தார். "பெருமாளுக்குத் திருவாராதனம் பண்ற வேளையில இது கூவறதும்மா. இதென்ன கோழிப்பண்ணையா?"

பெருமாள் படைத்த சேவல் பெருமாள் காதில் விழும்படி கூவக் கூடாதாம். நான் எதிர்த்துப் பேசினேனா? "சாரி மாமா" என்றேன்.

மறுநாள் மகள் ஸ்கூலில் இருந்தபோது சேவலைக் கட்டைப்பையில் போட்டு, அதே மார்க்கெட்டில் ஒரு கறிக்கடையில் கொடுத்தேன். கடைக்காரர் நீட்டிய காசை வாங்கவில்லை. பெரிய உத்தமி என்று நினைப்பு.

"முசிறியில அத்தை தோட்டத்துக்கு அனுப்பிட்டேன். அங்க ஜாலியா இருக்கும்," என்று மகளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "தண்ணி வைப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த லீவில் முசிறிக்குப் போனோம். வாழைத்தோட்டம் முழுக்க நடந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் வந்து பஸ்ஸில் ஏறினாள். மறந்துவிட்டாள் என்று நிம்மதியானேன். என் புத்தி அவ்வளவுதான்.

போன தை மாதம் அப்பாவுக்கு மாரடைப்பு. அவரை ஐ.சி.யு.வில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். குழந்தை பயந்துவிடுமே என்று, "தாத்தா ஊருக்குப் போயிருக்காங்க கண்ணு," என்றேன். உண்மையில் பயந்து போயிருந்தது நான்தான்.

அப்பாவின் செருப்பு வாசலிலேயே கிடந்தது. மகள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"முசிறிக்குத்தானேம்மா?" என்றாள்.