காணாத காலின் நிறம்

எழுபதுகளில் நான் திருகோணமலையிலிருந்து நாள்தோறும் பாதையேறிக் கிண்ணியாவுக்குச் சென்று ஆசிரியப் பணி புரிந்தேன். ஆட்களையும் வண்டிகளையும் ஒருங்கே ஏற்றி நீரைக் கடக்கும் தட்டைப் படகையே அங்கே பாதை என்பர். அது வரும்வரை துறையில் நின்று கடற்காகங்களைத் தொலைநோக்கியால் பார்ப்பது என் வழக்கம். மாரியில் வருவனவற்றுட் பெரும்பாலானவை பழுப்புத்தலைக் கடற்காகங்களே.

ஒரு தை மாதத்தில், அவற்றினும் உருவிற் பெரிய பறவையொன்று அவற்றிடையே மிதந்துகொண்டிருந்தது. என்னிடமிருந்த கையேடு அப்பருமனில் இரண்டு இனங்களைக் காட்டியது. ஒன்று கரிய முதுகும் மஞ்சட் காலும் உடையது. மற்றையது வெளிறிய முதுகும் இளஞ்சிவப்புக் காலும் உடையது. நான் கண்டதன் முதுகு வெளிறியிருந்தது. கால் மஞ்சளாயின் அது கலப்பினமென ஐயுற இடமுண்டு. கால்களோ நீருக்குள் இருந்தன. அன்று மாலையே கொழும்பிலுள்ள பறவை ஆர்வலர் சங்கமொன்றுக்குக் கடிதம் எழுதினேன். ‘கால்: மஞ்சள்’ என்றும் எழுதினேன்.

மூன்று வாரத்தில் மறுமொழி வந்தது. முதுகின் நிறம் ஒளிக்கேற்ப மாறித் தோன்றுமாதலால், கால்நிறத்தை நம்பியே என் குறிப்பை அடுத்த இதழில் வெளியிடுவதாகச் செயலாளர் எழுதியிருந்தார். அச்சேறவிருந்த என் முதற் குறிப்பு அது. நான் காணாத ஒன்றே அதற்கு ஆதாரமாயிருந்தது.

அதன்பின் காலையும் மாலையும் அப்பறவையைத் தேடினேன்.

“என்ன சேர், வகுப்புல போல காக்காக்கும் இடாப்புக் கூப்பிடுறீங்களா?” என்றார், துறையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த கிண்ணியா வியாபாரி. அவ்வூர் முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் நானும் அவரை ‘நானா’ என்பேன்.

“ஓம் நானா. ஒராள் மட்டும் வரேல்லை.”

அவர் சிரித்தபடி மீன்குடலை வீசினார். சிறியவற்றை விலக்கிக்கொண்டு அந்தப் பெரிய பறவை இறங்குதட்டில் வந்து நின்றது. கால் மஞ்சளாகவே தெரிந்தது; என் கண்ணை நானே நம்பவில்லை.

“நானா, அதின்ர கால் என்ன நிறம்?”

“கண்ணாடி உங்கட கையில, கேள்வி என்னட்டயா? மஞ்சள் சேர். நல்ல மஞ்சள்.”

“பாக்காமலே மஞ்சள் எண்டு கொழும்புக்கு எழுதிப்போட்டன்.”

“சரியாத்தானே எழுதியிருக்கீங்க! பிறகென்ன?”

ஆயினும் அன்றிரவு சங்கத்துக்கு மீண்டும் எழுதினேன்: முதற் கடிதத்திற் குறித்த கால்நிறம் அன்று கண்டதன்று, இன்றே கண்டேன். சங்கத்தின் விடை சுருக்கமாயிருந்தது. முதற் கடிதத்தின் ஏனைய விவரங்களையும் இனி ஏற்பதற்கில்லை, குறிப்பு வெளிவராது.

பங்குனியில் வியாபாரி கேட்டார்: “சேர், புத்தகத்தில வந்திச்சா?”

“இல்லை நானா. போட ஏலாதாம்.”

“அவங்க போடாட்டி என்ன, அது தின்ன வருகுதே!” என்று ஒரு குடலைத் தூர எறிந்தார். பறவை நீரில் இறங்கி அதைக் கவ்வியது. கால்கள் தெரியவில்லை. அன்றைய குறிப்பில் அலகு, தலை, முதுகு ஆகியவற்றை எழுதிக் காலுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டேன்.