டாக்டரம்மா தொடாத மார்பு

ஜாக்கெட்டின் இடது பக்கம் சரியாக உட்காரவில்லை. அதுதான் முதல் அறிகுறி.

கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். அடுத்தவர்களின் மார்பை அளந்தே இத்தனை வருடம் சோறு தின்றவள். நாத்தனார் மகள் கல்யாணத்துக்காக எனக்கே தைத்ததைப் போட்டுப் பார்த்தபோது, இடது பக்கத்து டாட் (மார்பின் வடிவத்துக்காகப் பிடிக்கும் மடிப்பு) சுருங்கி நின்றது. பிரித்துத் தைத்தேன். மறுபடியும் சுருங்கியது. தையலில் பிழை இல்லை என்று தெரிந்த பிறகுதான் கண்ணாடி முன் நின்று தொட்டுப் பார்த்தேன். அக்குளை ஒட்டி, மேல்புறத்தில், புளியங்கொட்டை அளவில் ஒன்று. அழுத்தினால் நகரவில்லை. வலிக்கவும் இல்லை.

இதைப் படிப்பவர்களில் யாரோ ஒருவர் இப்போது அப்படி ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பயந்துபோய் உட்கார்ந்திருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த வாரமே டாக்டரிடம் போனேன். எங்கள் பகுதியில் பெயர் பெற்ற பெண் டாக்டர். பெண்ணாக இருக்கிறாரே என்ற தெம்பில்தான் போனேன். வெளியே கூட்டம் நெரிந்தது. அவர் மேஜைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

“வலி இருக்கா?”

“இல்லீங்க.”

“அப்ப பயப்பட ஒண்ணுமில்ல. இந்த வயசுல ஹார்மோன் மாறும். காப்பியக் குறைங்க, டென்ஷன் ஆகாதீங்க.”

சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். எழுந்து வரவில்லை. தொட்டுப் பார்க்கவில்லை. நான் முந்தானையில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தேன், அவர் பார்ப்பாரென்று. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சில மாதம் கழித்து மறுபடி போனேன். கட்டி பெரிதான மாதிரி இருக்கிறது என்றேன். “அதையே நெனச்சுட்டிருந்தா அப்படித்தான் தெரியும்” என்றார். அப்போதும் தொடவில்லை. படித்தவர் சொல்கிறாரே என்று நம்பினேன். நம்பத்தான் எனக்கும் ஆசையாக இருந்தது.

காம்பு உள்வாங்கிய பிறகுதான் என் கணவர் சண்முகம் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். மேமோகிராம் (மார்பகத்துக்கான எக்ஸ்ரே), பிறகு பயாப்ஸி (ஊசியால் கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனை). புற்றுநோய் என்று வந்தது. நிணநீர் முடிச்சுகளுக்கும் (அக்குளில் உள்ள சிறு சுரப்பிகள்) பரவியிருந்தது.

அறுவை செய்யும் டாக்டர் சின்ன வயதுக்காரர். ரிப்போர்ட்டைப் புரட்டியவாறே, “முன்னாடியே வந்திருக்கலாமேம்மா” என்றார்.

“வந்தனுங்க” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல அன்றைக்கு எனக்குத் தெம்பு இல்லை.

இடது மார்பை முழுவதுமாக எடுத்தார்கள். அதன்பின் கீமோ (புற்றுச் செல்களைக் கொல்ல நரம்பு வழியாக ஏற்றும் மருந்து). முடி போனது, புருவமும் போனது. வாயெல்லாம் புண். பக்கத்துக் கட்டிலில் பல்லடத்திலிருந்து வந்த சரஸ்வதி. விசைத்தறி ஓட்டுகிறவள். கட்டி இருப்பது அவளுக்கு இரண்டு வருடமாகவே தெரியும். லீவு போட்டால் கூலி இல்லை, அதனால் யாரிடமும் காட்டவில்லை.

“நீங்க காட்டியும் இப்படி, நான் காட்டாமயும் இப்படி. ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டல் மருந்து பாத்தீங்ளா?” என்று சிரித்தாள்.

நான் தேறினேன். அவள் தேறவில்லை.

சரஸ்வதியோடு தறி ஓட்டிய பெண்களுக்கு இலவசமாக மேமோகிராம் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கள் குடியிருப்போர் சங்கம் ஞாயிறுதோறும் மைதானத்தில் சந்தை போடும். கீரை, பொள்ளாச்சி வெல்லம், செக்கு எண்ணெய், பலகாரம் எல்லாம் கிடைக்கும். பணம் திரட்ட அதில் ஒரு கடை கேட்டேன். சங்கச் செயலாளர் விஜயாக்கா உடனே ஒத்துக்கொண்டார்.

என் கடைக்கென்று துணியில் மார்புகள் தைத்தேன். உள்ளே பஞ்சு. சிலவற்றில் மட்டும் ஒரு புளியங்கொட்டையைப் பொதிந்துவைத்தேன். பெண்கள் உண்டியலில் முடிந்ததைப் போட்டுவிட்டு, எதில் கட்டி இருக்கிறது என்று விரல் நுனியால் தேடிப் பார்க்கலாம். அப்படித்தான் கை பழகும்.

என் கடை தொடங்குவதற்கு முந்தின வாரம் விஜயாக்கா சந்தோஷமாக வந்தார். “கடைத் திறப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் கெடச்சுட்டாங்க அம்மணி.” சொன்னது அந்த டாக்டரம்மாவின் பெயரை.

“ரொம்ப நல்லதுங்க” என்றேன்.

அன்று மத்தியானமே இன்னொரு துணி மார்பு தைக்க உட்கார்ந்தேன். என்னுடைய அளவில். இடது பக்கம். அக்குளை ஒட்டி, மேல்புறத்தில் கொட்டை. சண்முகம் நின்று பார்த்தார்.

“கலா, மொகமே செரியில்லையே. என்ன பண்ணப் போற?”

சொன்னேன்.

“சந்தையில வெச்சு அசிங்கம் பண்ணிப்போடாத கண்ணு.”

“பண்ணத்தானுங்க போறேன்.”

அவர் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா பட்டுச் சேலையில் வந்து ரிப்பன் வெட்டினார். மைக்கில் பேசினார். “ஆரம்பத்திலேயே வந்தா குணப்படுத்திடலாம். நம்ம பெண்கள்தான் அலட்சியமா இருந்துடறாங்க.”

அலட்சியம். அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் பாதியில் நிறுத்தியிருப்பேன். தெரியவில்லை.

துணி மார்பை அவர் கையில் கொடுத்தேன். “நீங்க மொதல்ல தொடங்கி வெக்கோணுமுங்க டாக்டர்.”

சிரித்தபடி வாங்கினார். மூன்று விரல்களைச் சேர்த்து வட்டமாக ஒரே சுற்று. “இதோ” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நல்ல கை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மைக்கை வாங்கிக்கொண்டேன்.

“ஒரு நிமிசங்கூட ஆகலீங்க. பாத்தீங்ளா எல்லாரும்? என்னோடதும் இதே எடத்துலதானுங்க இருந்துது. இந்த டாக்டரம்மா மேஜைக்கு முன்னால ரெண்டு தடவ உக்காந்திருந்தனுங்க. ரெண்டு தடவயும் அவுங்க கை வெக்கலீங்க. காப்பியக் குறைக்கச் சொன்னாங்க. நான் அலட்சியமா இருக்கலீங்க.”

ஒரு வார்த்தை மரியாதை குறையவில்லை. எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘ங்க’ போட்டுக்கொண்டே ஆளை வெட்ட முடியும்.

டாக்டரம்மாவின் முகம் வெளுத்துப்போனது. “இந்த மாதிரி எடத்துல...” என்று ஆரம்பித்தார். அதற்குள் எண்ணெய்க் கடைப் பக்கமிருந்து ஒரு பெண், “எனக்குந் தொட்டுப் பாக்கலீங்க” என்றாள். இன்னொருத்தி, “எங்கம்மாளுக்கும்” என்றாள். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார். துணி மார்பைக் கீழே வைக்க மறந்து, அதையும் கையில் பிடித்தபடியே போனார்.

விஜயாக்கா என்னோடு பல நாள் பேசவில்லை. உண்டியல் மட்டும் அன்று மத்தியானத்துக்குள் நிறைந்துவிட்டது. நான் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். கீமோவுக்குப் பிறகு ருசி தெரிந்து சாப்பிட்டது அன்றுதான். பழி வாங்கினால் மனசு வெறுமையாகிவிடும் என்பார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை.

ஒரு மாதம் கழித்து டாக்டரம்மா என் தையல் கடைக்கு வந்தார். தனியாக.

“ஒரு நாளைக்கு எத்தனை பேரப் பாக்கறேன்னு உங்களுக்குத் தெரியுமா? நீங்க செஞ்சது நியாயமா?” என்று கேட்டார். நான் தையல் மெஷினை நிறுத்தவில்லை. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு குரல் இறங்கியது. “இப்ப எல்லாரையும் தொட்டுத்தான் பாக்கறேன். திரை கட்டியிருக்கேன்.”

மெஷினை நிறுத்தினேன். “எம் பேரு தெரியுமுங்களா?”

அவருக்குத் தெரியவில்லை.

“கலாமணி. சொல்லுங்க.”

“கலாமணி” என்றார். கண் கலங்கியிருந்தது. “மன்னிச்சுருங்க.”

“அது முடியாதுங்க. ஆனா ஒரு வேலை இருக்குது. பல்லடத்துல தறிக்குடோன்ல பொம்பளைங்களப் பாக்கோணும். மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம. நான் பக்கத்துலயே நிப்பேன்.”

 வருகிறேன் என்றார். வரவும் செய்தார், இன்றுவரை வருகிறார். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது மரியாதையால் அல்ல. நல்ல பெயர் வாங்கிக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

பஞ்சுத் தூசி படிந்த அந்தக் குடோனில் சேலையைத் திரையாகக் கட்டியிருப்போம். ஒவ்வொரு பெண்ணின் மேலும் அவர் கை படுவதை நான் நின்று பார்ப்பேன். அவர் சோர்ந்து போனால், “இன்னும் ஆளிருக்குதுங்க” என்பேன். ஒருநாள் ஒரு பெண்ணின் வலது பக்கத்தில் விரல் நின்றது. மறுபடி அதே இடத்துக்குப் போனது. சோதனையில் புற்றுதான் என்று வந்தது. ஆனால் சிறியது, எங்கும் பரவாதது. கட்டியை மட்டும் எடுத்தார்கள், மார்பு தப்பித்தது.

அதைக் கேட்டுவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று சண்முகம் நினைத்துக்கொண்டு முதுகைத் தடவினார். பாதி அதுதான். மீதி ஆத்திரம். இவ்வளவு சுலபமானது எனக்குக் கிடைக்கவில்லையே என்ற ஆத்திரம். அது குறையும் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அதை வைத்துக்கொண்டும் சமைக்கலாம், தைக்கலாம், பிழைத்துக் கிடக்கலாம். அதுமட்டும் தெரியும்.

அக்குள் முடிச்சுகளையும் எடுத்ததால் இப்போது இடது கை சாயங்காலமானால் வீங்கும். தலையணை மேல் தூக்கி வைத்துப் படுப்பேன். என் வருடம் தை, சித்திரை என்று போவதில்லை. ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்த பரிசோதனைக்குப் போகிறது. அந்த இடைவெளிக்குள் வருவதெல்லாம் எனக்குச் சொந்தம். இல்லாத மார்பு சில சமயம் அரிக்கும். சொறியக் கை போனால் தழும்புதான் தட்டுப்படும். அதன் மேல் கை வைத்தால் நெஞ்சுத் துடிப்பு நேராக உள்ளங்கையில் வந்து முட்டும், முன்பு எப்போதும் இல்லாத அளவுக்குப் பக்கத்தில். நடுவில் இப்போது எதுவும் இல்லை.